பாஸ்வேர்டு பெட்டியில் குரூப் போடுவது எப்படி? கீபாஸ், பைத்தான், உங்கள் பணம்: சம்பளக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி



முதல்ல ஒரு சின்னக் கணக்கு. உங்க பேர்ல மொத்தம் எத்தனை லாகின் இருக்குன்னு விரல் விட்டு எண்ணுங்க. இப்போ சம்பளம் வர்ற வங்கிக் கணக்கு, பழைய கம்பெனி திறந்து குடுத்த சம்பளக் கணக்கு, பிஎஃப், டீமேட், மியூச்சுவல் ஃபண்ட், டெர்ம் இன்சூரன்ஸ், ஹெல்த் இன்சூரன்ஸ், கிரெடிட் கார்டு, பைக் லோன், வருமான வரி போர்ட்டல், ஈபி பில், கேஸ். ரெண்டு கையும் தாண்டிடுச்சு, இல்லையா? இது போக அப்பா அம்மாவோட கணக்குகளையும் நீங்கதான் போன்ல பார்த்துக் குடுக்கறீங்க.

இப்போ ரெண்டாவது கேள்வி. இந்த லிஸ்ட் முழுசா எங்க இருக்கு? பாதி பிரவுசர்ல, கொஞ்சம் போன் நோட்ஸ்ல, மீதி தலையில. இதுதான் பெரும்பாலானவங்களோட உண்மை நிலைமை.

பாஸ்வேர்டு மறந்துட்டா ஓடிபி வாங்கி மாத்திக்கலாம். கணக்கு இருக்கறதே மறந்துட்டா யார் ஓடிபி அனுப்புவாங்க? அதனால, பாஸ்வேர்டு பெட்டியை வெறும் பூட்டா பார்க்காம, உங்க சொத்து, கடன், காப்பீடு எல்லாத்துக்கும் ஒரே பதிவேடா எப்படி அடுக்கறதுன்னு இந்தப் பதிவுல பார்க்கப் போறோம். அதுக்கு கீபாஸ் என்ற இலவச மென்பொருளும், அதோட ஃபைலைத் திறக்கற பைகீபாஸ் என்ற பைத்தான் லைப்ரரியும் போதும்.

கோடிங் தெரியாதேன்னு பயப்பட வேண்டாம். இங்க சொல்ற கிட்டத்தட்ட எல்லா வேலையையும் ஆப்லயே கையால செய்யலாம். பைத்தான் கொஞ்சம் தெரிஞ்சவங்களுக்கு வேலை சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். நிரல் வரிகளை வீடியோல திரையில பார்த்துக்கோங்க. எந்தக் கட்டளை என்ன செய்யுது, எங்க கை நழுவும் என்பதை மட்டும் இங்க எழுத்துல வெச்சிருக்கோம்.

இது ஏன் ஒரு பண விஷயம்?

வங்கியில ஒரு கணக்கை 10 வருஷம் யாரும் தொடலைன்னா, அந்தப் பணம் ரிசர்வ் வங்கியோட வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்குப் போயிடும். 2014-ல இருந்து இந்தத் திட்டம் நடைமுறையில இருக்கு. பணம் அழிஞ்சு போகாது. வாரிசு வந்து கேட்டா வங்கி குடுக்கும். ஆனா கேக்கறதுக்கு, அப்படி ஒரு கணக்கு இருக்குன்னு வீட்ல யாருக்காவது தெரிஞ்சிருக்கணும்.

இப்படிக் கேக்க ஆளில்லாத பணத்தைத் தேடறதுக்காகவே 2023 ஆகஸ்ட் 17-ம் தேதி ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்ற தளத்தைத் தொடங்குச்சு. மியூச்சுவல் ஃபண்டுக்கு செபி 2025-ல 'மித்ரா' கொண்டு வந்துச்சு. பங்குகள்ல தொடர்ந்து 7 வருஷம் வாங்காத டிவிடெண்ட், முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போகும். இன்சூரன்ஸ்ல 10 வருஷத்துக்கு மேல கேட்கப்படாத தொகை மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போகும்.

ஒவ்வொரு துறைக்கும் ஒரு தேடல் வசதி வேண்டியிருக்குன்னா, அவ்வளவு குடும்பத்துக்கு "எங்க என்ன இருக்கு"ன்னு தெரியலைன்னு அர்த்தம். இதெல்லாம் வயசானவங்க பிரச்சினைன்னு நினைக்காதீங்க. முந்தின தலைமுறைக்கு பீரோல பாஸ்புக்கும் பாண்ட் பத்திரமும் இருந்துச்சு. யாராவது பீரோவைத் திறந்தா கைக்குக் கிடைக்கும். நம்ம தலைமுறைக்கு எல்லாமே ஒரு போனுக்குள்ள, அதுவும் கைரேகை லாக்குக்குப் பின்னாடி. தேட வேண்டிய பீரோவே இல்லை. அந்த பீரோவைத்தான் இப்போ நாம செய்யப் போறோம்.

கீபாஸ், பைகீபாஸ்: யார் யார்?

கீபாஸ் மென்பொருளை ஜெர்மனியைச் சேர்ந்த டொமினிக் ரைஷ்ல் உருவாக்கினார். 2003-ல வெளிவந்தது. இலவசம், மூலநிரலும் எல்லாருக்கும் திறந்திருக்கு. உங்க பாஸ்வேர்டு எல்லாம் கேடிபிஎக்ஸ் என்ற வகையில ஒரே ஒரு ஃபைலா, குறியாக்கம் செஞ்சு சேமிக்கப்படும். அந்த ஃபைல் உங்ககிட்டதான் இருக்கும், எந்தக் கம்பெனி சர்வர்லயும் இல்லை.

அதே ஃபைலைத் திறக்க வேற ஆப்களும் இருக்கு. கம்ப்யூட்டர்ல கீபாஸ்எக்ஸ்சி, ஆண்ட்ராய்டுல கீபாஸ்டிஎக்ஸ், ஐபோன்ல கீபாஸியம். ஒரு ஆப் நின்னு போனாலும் இன்னொண்ணுல திறந்துக்கலாம். 20, 30 வருஷம் வெச்சிருக்கப் போற பதிவேட்டுக்கு இது ரொம்ப முக்கியம்.

ஆன்லைன்ல பாஸ்வேர்டு சேமிச்சுத் தர்ற சேவைகளும் இருக்கே, அது போதாதான்னு கேக்கலாம். வசதியானவைதான். ஆனா 2022-ல லாஸ்ட்பாஸ் நிறுவனத்துல நடந்த திருட்டுல, வாடிக்கையாளர்களோட குறியாக்கம் செஞ்ச பெட்டகங்களோட பேக்கப் நகலே வெளியாள் கைக்குப் போச்சு. அதுல இணைய முகவரிகள் குறியாக்கம் இல்லாமலேயே இருந்துச்சு. அதாவது, பூட்டை உடைக்காமலேயே யார் எந்தெந்த வங்கி, எந்தெந்த தளம் பயன்படுத்தறாங்கன்னு பார்த்துடலாம். ஃபைல் நம்ம கையில இருந்தா இந்த ஆபத்து குறையும். பதிலுக்கு, ஃபைலைப் பத்திரமா வெச்சுக்கற பொறுப்பும் நம்ம தலையிலதான்.

பைகீபாஸ் என்பது ஆப் இல்லை, பைத்தான் லைப்ரரி. கேடிபிஎக்ஸ் ஃபைலைத் திறந்து, உள்ள இருக்கறதைப் படிச்சு, சேர்த்து, நகர்த்தி, நீக்கி, திரும்பச் சேமிக்கற வேலையை நிரல் வழியா செய்யும். 40 கணக்கையும் ஒவ்வொண்ணா கிளிக் பண்ணித் திறந்து பார்க்கறதுக்குப் பதிலா, "நாமினி எழுதாத கணக்கு எதெது?"ன்னு ஒரே கேள்வியில லிஸ்ட் வாங்கிடலாம்.

என்ட்ரி, குரூப்: ரெண்டே ரெண்டு பொருள்

கீபாஸ் ஃபைலுக்குள்ள நாம அடிக்கடி தொடப் போறது ரெண்டே ரெண்டு வகைப் பொருள்தான்.

என்ட்ரி: ஒரு கணக்கு. இதுல தலைப்பு, யூசர் நேம், பாஸ்வேர்டு, இணைய முகவரி, குறிப்பு என்று அஞ்சு அடிப்படைக் கட்டங்கள் இருக்கும். இது போக நமக்கு வேண்டிய கட்டங்களை நாமளே சேர்த்துக்கலாம். நாமினி, பாலிசி எண், ஃபோலியோ எண் எல்லாம் இங்கதான் வரும். பாலிசி பிடிஎஃப் மாதிரி ஃபைலையும் என்ட்ரியோட இணைக்கலாம்.

குரூப்: என்ட்ரிகளைப் போட்டு வைக்கற டப்பா. குரூப்புக்குள்ள இன்னொரு குரூப்பும் வைக்கலாம். எல்லாத்துக்கும் மேல 'ரூட்' குரூப்னு ஒண்ணு இருக்கும், அதுக்குக் கீழதான் மத்ததெல்லாம்.

ஒவ்வொரு என்ட்ரிக்கும் ஒவ்வொரு குரூப்புக்கும் யூயூஐடி என்ற தனி அடையாள எண் உண்டு. ஆதார் எண் மாதிரி வெச்சுக்கோங்க. வீடு மாறினாலும் ஆதார் மாறாது. அதே மாதிரி என்ட்ரியை வேற குரூப்புக்கு நகர்த்தினாலும், தலைப்பை மாத்தினாலும் அந்த எண் மாறாது.

இன்னொரு நல்ல விஷயம், குரூப் பேரை, தலைப்பைத் தமிழ்லயே எழுதலாம். அம்மா நாளைக்கு இதைத் திறந்து பார்க்கணும்னா 'காப்பீடு'ன்னு இருக்கறதுதான் அவங்களுக்கு உதவும்.

என்னென்ன குரூப் போடணும்?

நிறைய பேர் 'பேங்க்', 'ஷாப்பிங்', 'மெயில்'னு ஆப் வகையை வெச்சுக் குரூப் போடுவாங்க. அது நம்ம வசதிக்குச் சரி. ஆனா பதிவேடா பயன்படணும்னா, ஒவ்வொரு குரூப்பும் ஒரு பணக் கேள்விக்குப் பதில் சொல்லணும்.

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். வீடு மதுக்கரையில. தினமும் பைபாஸ் வழியா நீலாம்பூர் பக்கம் ஒரு கம்பெனிக்கோ, சரவணம்பட்டியில ஒரு ஐடி கம்பெனிக்கோ போய் வர்றீங்க. அப்பா அம்மா கூடவே இருக்காங்க. உங்களுக்கு இந்த எட்டு குரூப் போதும்:

1. வங்கி: எல்லா சேமிப்புக் கணக்கும், எஃப்டியும், ஆர்டியும். பழைய சம்பளக் கணக்கும் இங்கதான்.
2. ஓய்வுக்காலம்: பிஎஃபோட யுஏஎன், என்பிஎஸ் இருந்தா அதோட பிரான் எண், பிபிஎஃப்.
3. முதலீடு: டீமேட், மியூச்சுவல் ஃபண்ட் ஃபோலியோக்கள், தங்கப் பத்திரம்.
4. காப்பீடு: டெர்ம், ஹெல்த், பைக். ஆபீஸ் குடுக்கற குரூப் இன்சூரன்ஸும் தனி என்ட்ரியா இருக்கணும்.
5. கடன்: பைக் லோன், வீட்டுக் கடன், நகைக் கடன், கிரெடிட் கார்டு.
6. வரியும் அடையாளமும்: வருமான வரி போர்ட்டல், டிஜிலாக்கர், பான், பாஸ்போர்ட்.
7. வீடு: ஈபி இணைப்பு எண், சொத்து வரி, குடிநீர் வரி, கேஸ்.
8. அப்பா அம்மா: அவங்களோட வங்கி, அஞ்சலகச் சேமிப்பு, கூட்டுறவு சங்க டெபாசிட், எல்ஐசி.

இந்த எட்டுல 1, 2, 3 சேர்ந்தா உங்க சொத்து. 5 உங்க கடன். 4 உங்க குடும்பத்தோட பாதுகாப்பு. அதாவது குரூப் லிஸ்ட்டைப் பார்த்தாலே உங்க நிதி நிலைமையோட வரைபடம் தெரிஞ்சுடும். லாகினே இல்லாத விஷயங்களுக்கும் என்ட்ரி போடுங்க. கூட்டுறவு சங்க டெபாசிட் ரசீதுக்கு யூசர் நேம் எதுவும் இருக்காது. ஆனா ரசீது எண், முதிர்வுத் தேதி, ரசீது எந்த பீரோல இருக்குங்கறது எல்லாம் குறிப்புல இருக்கணும். அடகு வெச்ச நகைக்கும் இப்படித்தான். மீட்க வேண்டிய தேதி தவறினா நஷ்டம் பெருசு.

லைப்ரரியில செய்யற ஆறு வேலை

பைத்தான்ல பிப் மூலமா பைகீபாஸை நிறுவிக்கலாம். கட்டளைப் பேர்கள்ல ரெண்டு வார்த்தைக்கு நடுவுல அண்டர்ஸ்கோர் வரும், அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

1. திறப்பது. ஃபைல் பேரும் மாஸ்டர் பாஸ்வேர்டும் குடுத்தா திறக்கும். பாஸ்வேர்டு தப்புன்னா பிழை காட்டி நின்னுடும். மாஸ்டர் பாஸ்வேர்டை நிரலுக்குள்ள எழுதி வைக்காதீங்க. பைத்தான்ல இருக்கற 'கெட்பாஸ்' பகுதியைப் பயன்படுத்தினா, ஓடும்போது கேக்கும், தட்டறது திரையில தெரியாது. நிரலுக்குள்ள எழுதி வைக்கறது, வீட்டைப் பூட்டிட்டு சாவியைக் கதவுலயே மாட்டி வைக்கற மாதிரி.

2. குரூப் சேர்ப்பது. 'ஆட் குரூப்' கட்டளைக்கு, எந்தக் குரூப்புக்குக் கீழ, என்ன பேர்னு சொல்லணும். இங்க ஒரு எச்சரிக்கை: அதே பேர்ல ஏற்கெனவே குரூப் இருக்கான்னு இது பார்க்காது. நிரலை ரெண்டு தடவை ஓட்டினா ரெண்டு 'காப்பீடு' குரூப் வந்துடும். அதனால முதல்ல 'ஃபைண்ட் குரூப்ஸ்' வெச்சுத் தேடி, இல்லைன்னா மட்டும் சேர்க்கற மாதிரி எழுதுங்க.

3. என்ட்ரி சேர்ப்பது. 'ஆட் என்ட்ரி'க்கு எந்தக் குரூப், தலைப்பு, யூசர் நேம், பாஸ்வேர்டு குடுக்கணும். முகவரி, குறிப்பு, காலாவதி தேதி எல்லாம் விருப்பம். இது கொஞ்சம் உஷாரானது. அதே குரூப்புல அதே தலைப்பும் அதே யூசர் நேமும் இருந்தா சேர்க்காம பிழை காட்டும். ரெண்டு ஃபோலியோ ஒரே ஃபண்ட் கம்பெனியில இருந்தா, தலைப்புலயே ஃபோலியோவோட கடைசி நாலு எண்ணைச் சேர்த்துடுங்க, குழப்பம் வராது.

4. தேடுவது. 'ஃபைண்ட் என்ட்ரீஸ்'தான் அதிகம் பயன்படற கட்டளை. தலைப்பு, யூசர் நேம், முகவரி, டேக் எதை வெச்சும் தேடலாம். சாதாரணமா இது ஒரு பட்டியலைத் திருப்பித் தரும், ஒரே ஒரு விடை இருந்தாலும் பட்டியல்தான். 'ஃபர்ஸ்ட்' என்று குறிப்பிட்டா மட்டும் ஒரே ஒரு என்ட்ரி வரும். எதுவும் கிடைக்கலைன்னா அப்போ வெறுமை வரும். புதுசா எழுதறவங்க இந்த இடத்துலதான் அதிகம் தடுமாறுவாங்க. இன்னொண்ணு, எழுத்து அச்சு அசலா பொருந்தணும். பாதிப் பேரை வெச்சுத் தேடணும்னா 'ரெஜெக்ஸ்' வசதியை இயக்கணும்.

5. நகர்த்துவது, மாத்துவது. 'மூவ் என்ட்ரி' ஒரு என்ட்ரியை வேற குரூப்புக்குக் கொண்டு போகும். பாஸ்வேர்டை மாத்தறதுக்கு முன்னாடி 'சேவ் ஹிஸ்டரி'யை ஒரு தடவை கூப்பிடுங்க. பழைய நிலை என்ட்ரிக்குள்ளேயே வரலாறா பதிஞ்சுடும். வங்கி தளத்துல பாஸ்வேர்டு மாத்தறப்போ பாதியில நெட் போயிடுச்சு, பழசு செல்லுமா புதுசு செல்லுமா தெரியலைன்னா, ரெண்டும் கையில இருக்கும்.

6. நீக்குவது. இதுல ரெண்டு வகை. 'ட்ராஷ் என்ட்ரி' குப்பைத்தொட்டிக் குரூப்புக்கு நகர்த்தும், திரும்ப எடுத்துக்கலாம். 'டெலீட் என்ட்ரி' அப்பவே அழிச்சிடும். குரூப்புக்கும் இதே ரெண்டு வகை. ஒரு குரூப்பை டெலீட் பண்ணா, உள்ள இருக்கற என்ட்ரி, உள்குரூப் எல்லாமே சேர்ந்து போயிடும். ஒரே விதி வெச்சுக்கோங்க: பணம் சம்பந்தப்பட்ட எதையும் நிரல் வழியா டெலீட் பண்ணாதீங்க, ட்ராஷ் மட்டும்தான்.

கடைசியா, 'சேவ்' கூப்பிடற வரைக்கும் நீங்க செஞ்ச எதுவும் ஃபைல்ல ஏறாது. இது ஒரு வகையில நல்லதுதான். எதையாவது தப்பா நகர்த்திட்டோம்னு தெரிஞ்சா, சேமிக்காம நிரலை மூடிட்டா போதும், ஃபைல் பழையபடியே இருக்கும்.

நிரலை ஓட்டறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் கட்டாயம். ஒண்ணு, ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்துக்கோங்க. ரெண்டு, கீபாஸ் ஆப்பை மூடிடுங்க. ஆப்பும் நிரலும் ஒரே ஃபைலைத் திறந்து வெச்சிருந்தா, பின்னாடி சேமிக்கறது முன்னாடி சேமிச்சதை மேல எழுதிடலாம்.

பெட்டியைக் கேக்க வேண்டிய மூணு கேள்வி

அடுக்கி முடிச்சாச்சு. இப்போதான் லைப்ரரியோட உண்மையான பலன் தெரியும்.

கேள்வி 1: எந்தக் கணக்குக்கு நாமினி எழுதலை?

ஒவ்வொரு என்ட்ரியிலும் 'நாமினி'ன்னு ஒரு கூடுதல் கட்டம் சேருங்க. ஆப்ல 'அட்வான்ஸ்டு' பகுதியில இது இருக்கு, லைப்ரரியில 'செட் கஸ்டம் ப்ராப்பர்ட்டி'. அப்புறம் வங்கி, ஓய்வுக்காலம், முதலீடு, காப்பீடு இந்த நாலு குரூப்லயும் அந்தக் கட்டம் காலியா இருக்கற தலைப்புகளை மட்டும் அச்சிடச் சொல்லுங்க. வர்ற லிஸ்ட்தான் உங்க அடுத்த மாச வேலைப்பட்டியல்.

கட்டத்துல பேர் இருந்தா மட்டும் போதாது, அது இன்னைக்கும் சரியான பேரான்னு பாருங்க. கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா பேரைப் போட்டிருப்பீங்க, அப்புறம் மாத்தியிருக்க மாட்டீங்க. வங்கி டெபாசிட்டுக்கு 2025 நவம்பர் 1 முதல் நாலு பேர் வரைக்கும் நாமினியா போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம்னும் பிரிக்கலாம்.

கேள்வி 2: எந்தக் கணக்கு ஆபீஸ் மெயில்ல இருக்கு?

இது சம்பளக்காரங்களுக்கே உரிய பிரச்சினை. வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு ஹெச்ஆர் குடுத்த ஃபார்ம்ல ஆபீஸ் மெயிலை எழுதியிருப்போம். வங்கி, இன்சூரன்ஸ், சில நேரம் டீமேட் வரைக்கும் அதே மெயில்ல போயிருக்கும். வேலையை விடற அன்னைக்கு சாயங்காலமே அந்த மெயிலை மூடிடுவாங்க. அதுக்கப்புறம் ஸ்டேட்மெண்ட்டும் வராது, பாஸ்வேர்டு மீட்கற லிங்க்கும் வராது.

ஒவ்வொரு என்ட்ரியிலும் 'பதிவு மெயில்', 'பதிவு மொபைல்'னு ரெண்டு கட்டம் சேர்த்துடுங்க. கம்பெனி பேரை வெச்சு ஒரு தேடல் போட்டா, மாத்த வேண்டிய கணக்கெல்லாம் வரிசையா வந்துடும். நோட்டீஸ் பீரியட் தொடங்கற அன்னைக்கு முதல்ல ஓட்ட வேண்டிய நிரல் இதுதான்.

கேள்வி 3: ஒரே பாஸ்வேர்டு எத்தனை இடத்துல இருக்கு?

எல்லா என்ட்ரியோட பாஸ்வேர்டையும் ஒப்பிட்டு, ஒரே மாதிரி இருக்கற தலைப்புகளை மட்டும் காட்டச் சொல்லுங்க. தலைப்பு மட்டும்தான், பாஸ்வேர்டைத் திரையில அச்சிடவே கூடாது. ஏதோ ஒரு ஷாப்பிங் தளத்துல திருட்டுப் போன பாஸ்வேர்டும் உங்க வங்கி பாஸ்வேர்டும் ஒண்ணா இருந்தா என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம். கோடிங் இல்லாமப் பார்க்கணும்னா கீபாஸ்எக்ஸ்சி ஆப்லயே ஹெல்த் செக் அறிக்கை இருக்கு.

ஒரு நுணுக்கம்: எல்லா என்ட்ரியையும் மொத்தமா எடுக்கும்போது குப்பைத்தொட்டியில இருக்கறதும் சேர்ந்து வரும். எண்ணிக்கை கூடுதலா தெரிஞ்சா அதுதான் காரணம். அந்தக் குரூப்பைத் தவிர்த்துட்டு எண்ணுங்க.

கம்பெனி மாறும்போது செய்யற பெரிய தப்பு

சிலர் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு குரூப் போடுவாங்க. கம்பெனி மெயில், விபிஎன், சம்பள ஸ்லிப் போர்ட்டல், பிஎஃப் எண், குரூப் இன்சூரன்ஸ் எல்லாம் அதுக்குள்ள. வேலை மாறினதும், "இனி இது தேவையில்லை"ன்னு மொத்தக் குரூப்பையும் டெலீட் பண்ணிடுவாங்க. அதோட பிஎஃப் மெம்பர் ஐடியும் போச்சு.

பிஎஃப் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சா, குரூப்பும் சரியா போடலாம். யுஏஎன் 12 இலக்க எண், 2014-ல அறிமுகமானது. வேலை செய்யற காலம் முழுக்க ஒருத்தருக்கு ஒரே யுஏஎன்தான். ஆனா ஒவ்வொரு கம்பெனியிலும் அதுக்குக் கீழ புது மெம்பர் ஐடி வரும். அதனால பிஎஃபைக் கம்பெனி குரூப்ல வைக்காம, 'ஓய்வுக்காலம்' குரூப்ல யுஏஎன் பேர்ல ஒரே என்ட்ரியா வையுங்க. ஒவ்வொரு மெம்பர் ஐடியையும், சேர்ந்த தேதி, விலகின தேதியோட கூடுதல் கட்டமா சேருங்க. பழைய பணம் புது ஐடிக்கு மாத்தியாச்சா இல்லையான்னும் ஒரு கட்டம். ரெண்டு மூணு வேலை மாறினவங்க இதை ஒரு தடவை நிரப்பிப் பாருங்க. மாத்தாம விட்ட பணம் இருந்தா அங்கேயே தெரிஞ்சுடும்.

சம்பளக் கணக்கையும் இதே மாதிரி பாருங்க. சில மாசம் சம்பளம் வரலைன்னா, அது சாதாரண சேமிப்புக் கணக்கா மாறி மினிமம் பேலன்ஸ் விதி வரலாம். வேணுமா, மூடணுமான்னு முடிவு எடுங்க. மூடினாலும் என்ட்ரியை அழிக்காம 'மூடியவை'ன்னு ஒரு குரூப்புக்கு நகர்த்தி, மூடின தேதியைக் குறிப்புல எழுதுங்க. வருமான வரி நோட்டீஸ் எதுக்காவது பழைய கணக்கு எண் கேட்டா தேடி அலைய வேண்டாம்.

பாதுகாப்பு: இதுல மட்டும் சோம்பல் வேண்டாம்

- ஆபீஸ் லேப்டாப்புல வேண்டாம். அது கம்பெனியோட சொத்து. அவங்க பேக்கப்புல உங்க ஃபைல் போகலாம், வேலையை விடும்போது லேப்டாப்பே கையை விட்டுப் போகும்.
- மாஸ்டர் பாஸ்வேர்டு நீளமா இருக்கட்டும். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத அஞ்சாறு வார்த்தைகளைக் கோர்த்துக்கோங்க. சினிமா வசனம், குலதெய்வம் பேர், பிறந்த தேதி வேண்டாம். மறந்தா மீட்டுத் தர கஸ்டமர் கேர் கிடையாது. கீபாஸை உருவாக்கினவரே வந்தாலும் திறக்க முடியாது.
- ஏடிஎம் பின், யுபிஐ பின் இதுல போடாதீங்க. அவை தலையிலயே இருக்கட்டும். மறந்தா வங்கியில புதுசா அமைச்சுக்கலாம்.
- ஆதென்டிகேட்டர் ரகசியத்தைத் தனியா வையுங்க. பாஸ்வேர்டும் ரெண்டாவது பூட்டோட சாவியும் ஒரே பெட்டியில இருந்தா, ரெண்டு பூட்டு போட்டதுக்கு அர்த்தமே இல்லை.
- சிஎஸ்வி ஃபைலை விட்டு வைக்காதீங்க. பிரவுசர்ல இருந்து பாஸ்வேர்டுகளை எடுத்து கீபாஸ்ல ஏத்தும்போது இடையில ஒரு சிஎஸ்வி உருவாகும். அதுல எல்லாமே திறந்த எழுத்து. ஏத்தி முடிச்ச உடனே அழிச்சு, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணுங்க.
- அதிகாரபூர்வ தளத்துல மட்டும் இறக்குங்க. கீபாஸ் பேர்ல போலித் தளங்கள் தேடல் விளம்பரத்துல வந்திருக்கு. கூகுள்ல மேல வர்ற விளம்பர லிங்க்கைத் தொடாதீங்க.
- மூணு நகல். ஒண்ணு சொந்த கம்ப்யூட்டர்ல, ஒண்ணு போன்ல, ஒண்ணு பென்டிரைவ்ல. பென்டிரைவ் வீட்டு பீரோலயோ லாக்கர்லயோ இருக்கட்டும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை புதுசாக்குங்க.

வீட்ல என்ன சொல்லணும்?

இவ்வளவு அழகா அடுக்கி, பூட்டி, யாருக்குமே சொல்லாம விட்டா, பீரோவைச் செஞ்சு கிணத்துல போட்ட கதைதான்.

மாஸ்டர் பாஸ்வேர்டை ஒரு தாள்ல எழுதி, கவர்ல ஒட்டி, நீங்க முழுசா நம்பற ஒருத்தர்கிட்ட குடுங்க, இல்லைன்னா லாக்கர்ல வையுங்க. பென்டிரைவையும் கவரையும் ஒரே இடத்துல வைக்காதீங்க. ரூட் குரூப்லயே 'முதலில் இதைப் படிக்கவும்'னு ஒரு என்ட்ரி போட்டு, அதோட குறிப்புல எளிமையான தமிழ்ல எழுதுங்க: எந்தக் குரூப்ல என்ன இருக்கு, டெர்ம் பாலிசிக்கு யாரைக் கூப்பிடணும், ஆபீஸ் ஹெச்ஆர்கிட்ட என்ன கேக்கணும், எந்தக் கடனுக்கு இன்சூரன்ஸ் இருக்கு.

இங்க ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லிடறோம். கணக்கு வெச்சிருந்தவர் இறந்த பிறகு, அவர் பாஸ்வேர்டைப் போட்டுப் பணத்தை மாத்தறது சரியான வழி இல்லை. மத்த வாரிசுகளோட சண்டை, வங்கியோட கேள்வி, சட்டச் சிக்கல் எல்லாம் வரும். சரியான வழி, இறப்புச் சான்றிதழோட நாமினியா போய் கிளெய்ம் பண்றதுதான். அப்போ தேவைப்படறது பாஸ்வேர்டு இல்லை. எந்த வங்கி, எந்தக் கிளை, என்ன எண், யார் நாமினி என்ற நாலு தகவல்தான். உங்க பெட்டியில அந்த நாலும் சரியா இருந்தா, பாஸ்வேர்டு கட்டம் காலியா இருந்தாலும் அது உங்க குடும்பத்துக்குப் பயன்படும். அந்த நாலு இல்லாம பாஸ்வேர்டு மட்டும் இருந்தா, பெருசா பிரயோஜனம் இல்லை.

இந்த ஞாயித்துக்கிழமை என்ன செய்யலாம்?

ஒரே நாள்ல எல்லாத்தையும் முடிக்கணும்னு உட்கார்ந்தா பாதியில விட்டுடுவீங்க. இப்படிப் பிரிச்சுக்கோங்க:

- முதல் வாரம்: ஃபைல் உருவாக்கி, எட்டு குரூப்பும் போடுங்க. 'வங்கி'யும் 'காப்பீடு'ம் மட்டும் நிரப்புங்க.
- ரெண்டாவது வாரம்: ஓய்வுக்காலம், முதலீடு, கடன். என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் அனுப்பற ஒருங்கிணைந்த ஸ்டேட்மெண்ட்டைப் பக்கத்துல வெச்சுக்கிட்டா, மறந்த ஃபோலியோவும் மாட்டும்.
- மூணாவது வாரம்: அப்பா அம்மாவோட உட்கார்ந்து எட்டாவது குரூப். டீ போட்டுட்டு நிதானமா கேளுங்க. கூட்டுறவு சங்க ரசீதும் பழைய எல்ஐசி பாண்டும் அப்போதான் பீரோல இருந்து வெளிய வரும்.
- நாலாவது வாரம்: மூணு கேள்வி. நாமினி இல்லாத லிஸ்ட்டைக் கையில எடுத்து, ஒண்ணொண்ணா சரி பண்ணத் தொடங்குங்க.

அதுக்கப்புறம் வருஷத்துக்கு ரெண்டு தடவை போதும். சம்பள உயர்வு வர்ற மாசம் ஒண்ணு, வருமான வரி தாக்கல் பண்ற மாசம் ஒண்ணு. அரை மணி நேரம் நிரலை ஓட்டி, மாறினதைத் திருத்தி, 'சேவ்' பண்ணி, பென்டிரைவ் நகலைப் புதுசாக்கிடுங்க.

எட்டு குரூப்ல முதல்ல எதைத் தொடங்கறதுன்னு குழப்பமா இருந்தா, யோசிக்காம 'காப்பீடு'ல தொடங்குங்க. நீங்க இல்லாத நேரத்துல உங்க வீட்டுக்கு முதல்ல தேவைப்படறது அந்தக் குரூப்தான்.